லீவர் ரைஃபிளில் தோள்வார் மாட்டிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

பக்கவாட்டுக் கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் வகை ரைஃபிளில் ஸ்லிங் எனப்படும் தோள்வாரை மாட்டுவது எளிய வேலை. குழலுக்கு அடியில் கை தாங்கும் முன்கட்டையின் அடியில் ஒரு ஸ்டட் (வார் மாட்டும் சிறு உலோகக் குமிழ்), தோளில் பதியும் பின்கட்டையின் அடியில் ஒரு ஸ்டட் என்று அது முடிந்துவிடும். விசையருகே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிளில் அதே இடத்தில் அதே முறையில் மாட்டினால் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கோளாறு பின்தொடர்கிறது. முன்கட்டைக்குள் தோட்டாக் குழாய் ஓடுவதால் அங்கே மரம் மெலிந்திருக்கிறது. அந்தக் குழாயும் சுடுகுழலும் உலோகப் பட்டிகளாலோ முளைகளாலோ ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், ஒன்றின் மேல் விழும் இழுவை மற்றொன்றையும் சேர்ந்தே அசைக்கிறது. ரைஃபிளின் அடிப்புறமோ லீவர் இறங்கி ஏறுவதற்கான இடம். வார் இயல்பாகத் தொங்குவதும் அங்கேதான்.

பழுது என்று கொண்டுவரப்படும் லீவர் ரைஃபிள்களில் “தோட்டா ஏறவில்லை”, “குறி மாறிவிட்டது”, “லீவர் மூடவில்லை” என்று சொல்லப்படும் குறைகளில் பலவற்றுக்குக் காரணம் உள்ளுறுப்புகளில் இருப்பதில்லை. அண்மையில் மாட்டிய ஒரு பட்டியிலோ திருகாணியிலோ இருக்கிறது. ஆகவே உள்ளுறுப்புகள் அடங்கிய ரிசீவர் எனப்படும் நடுக்கூட்டைத் திறப்பதற்கு முன், வெளியே புதிதாகச் சேர்த்த பொருளைச் சந்தேகிக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்தில் அமைந்தது: ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில், செலவு மிகுந்தது கடைசியில்.

எதையும் தொடுவதற்கு முன்: முழுமையாகக் காலி செய்தல்

குழல்முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விசையிலிருந்து விரலை விலக்கி, தோட்டா வெளிவருவது நிற்கும் வரை லீவரை முழு நீளத்துக்கு இயக்குங்கள். நின்றுவிட்டது என்பதாலேயே துப்பாக்கி காலியாகிவிட்டது என்று கொள்ளக் கூடாது. லீவரைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள்: தோட்டா அறை, தோட்டாவை மேலே தூக்கும் தட்டு, தோட்டாக் குழாயின் பின்வாய். தோட்டாக்களைப் பின்னோக்கித் தள்ளும் முளை அந்தப் பின்வாயில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், குழாய் நசுங்கி முளை நடுவில் சிக்கியிருக்கலாம். அதற்குப் பின்னால் இன்னும் தோட்டா இருக்கலாம். தோள்வாரின் பட்டி குழாயை இறுக்கியிருக்கும் ரைஃபிளில் இது நேரக்கூடிய ஆபத்து என்பதால், இதை வலியுறுத்திச் சொல்கிறேன். முளை கண்ணில் படாத வரை அது நிரம்பிய துப்பாக்கி; அதன் மேல் திருப்புளி வைக்கக் கூடாது. அந்த நிலையிலேயே தகுதியுள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் செய்தி சொல்லி, அவர் காட்டும் வழியில் நடந்துகொள்ளுங்கள்.

உள்குழாயை முன்புறமாக உருவி நிரப்பும் .22 (சிறு விட்டத் தோட்டா) வகைகளில் உள்குழாயை முற்றிலும் வெளியே எடுத்துவிட்டு, அதன் பிறகும் லீவரைப் பல முறை இயக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே இறங்கிய தோட்டா குழாயோடு வெளியே வராது.

முதல் கிளை: வாரைக் கழற்றினால் கோளாறு மறைகிறதா?

அறிகுறி எதுவானாலும் தொடக்கம் இதுதான். வாரை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள். கோளாறு மறைந்தால் காரணம் வாரின் நீளத்திலோ இழுவையிலோ இருக்கிறது. கருவி எதுவும் தேவைப்படாது. மறையவில்லை என்றால், வாருக்காக மாட்டிய முன்பட்டியையும் கழற்றுங்கள். அப்போது மறைந்தால் பட்டியின் அளவோ இடமோ இறுக்கமோ தவறு. இரண்டையும் கழற்றிய பிறகும் தொடர்ந்தால், பட்டி விட்டுச்சென்ற நசுங்கலோ, வாரோடு தொடர்பில்லாத வேறு பழுதோ இருக்கிறது.

அறிகுறி: தோட்டா ஏறவில்லை, அல்லது சில தோட்டாக்களுக்குப் பின் நின்றுவிடுகிறது

தோட்டாக் குழாயைச் சுற்றி இறுக்கும் பட்டி ஸ்டட்டுகள் லீவர் ரைஃபிளுக்காகப் பரவலாக விற்கப்படுகின்றன. மரத்தையோ உலோகத்தையோ துளைக்க வேண்டியதில்லை என்பது அவற்றின் நற்குணம். ஆனால் தோட்டாக் குழாயின் சுவர் மெல்லியது. பட்டி நழுவுகிறது என்பதற்காகத் திருகாணியை மேலும் மேலும் இறுக்கும்போது குழாயின் வட்டம் கெட்டு, உள்ளே ஓடும் முளையும் சுருள்வில்லும் தடைபடுகின்றன.

*பட்டியைத் தளர்த்தியதும் சரியானால்:* குழாய் நிலையாக நசுங்கவில்லை. இறுக்கம் மட்டுமே தவறு. குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து, அந்த அளவுக்கே செய்த பட்டியை வாங்குங்கள். ஒரே நிறுவனத்தின் ரைஃபிள்களிலும் தோட்டாவின் பருமனுக்கேற்ப இந்த விட்டம் மாறும் என்பதால், மாடல் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது போதாது. பட்டிக்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய தோல் துண்டு ஒன்றை வைத்தால் குறைந்த இறுக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு பட்டியின் இரு விளிம்புகளை ஒட்டியும் குழாயின் மேல் மெல்லிய அடையாளக் கோடு இடுங்கள். சில நாள் சுமந்து, சில தோட்டாக்கள் சுட்ட பின் கோடு விலகியிருந்தால், பட்டி பெரிது என்று பொருள். திருகாணியை இன்னும் இறுக்குவது அதற்குத் தீர்வாகாது. பட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

*உள்குழாய் உருவ வராமல் இறுகியிருந்தால்:* முன்புறம் நிரப்பும் வகைகளில் வெளிக்குழாய்க்கும் உள்குழாய்க்கும் இடைவெளி மிகச் சிறியது. பட்டி சற்றே இறுகினாலும் உள்குழாய் பிடித்துக்கொள்ளும். மேலும், வெளிக்குழாயின் அடியில் தோட்டா போடுவதற்காக வெட்டிய வாயைப் பட்டி மறைத்துவிடக் கூடாது. இந்த வகைகளுக்குக் குழாயைத் தொடாமல், முன்கட்டையின் முன்முனையை மூடும் உலோக மூடியில் பொருந்தும் ஸ்டட்டே ஏற்றது என்பது என் கருத்து.

*பட்டியைக் கழற்றிய பிறகும் தொடர்ந்தால்:* குழாய் நசுங்கியிருக்கலாம். அதைச் சோதிக்கக் குழாயின் முன்முனையில் உள்ள அடைப்பைக் கழற்ற வேண்டும். சுருள்வில் அழுத்தத்தில் இருப்பதால் அடைப்பு திடீரென்று பாயும். கண்ணாடி அணிந்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அதன் திருகாணியை எடுங்கள். வில்லை வெளியே எடுத்த பின், ரைஃபிளை மேலும் கீழும் சாய்த்தால் முளை தன் எடையிலேயே குழாயின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். பட்டி இருந்த இடத்தில் நின்றால் நசுங்கல் உறுதி. இங்கே நிறுத்திக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே சரியான விட்டமுள்ள உருளையைச் செலுத்தி அவர் நசுங்கலை நிமிர்த்தக்கூடும்; முடியாவிட்டால் புதுக் குழாய் போட வேண்டியிருக்கும். கையில் கிடைத்த கம்பியை உள்ளே விட்டு அடித்து நிமிர்த்த முயன்ற குழாய்களில், மாற்றுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

முளை தடையில்லாமல் ஓடியும் தோட்டா ஏறவில்லை என்றால், தோள்வார் குற்றமற்றது. வில்லின் தளர்ச்சி, தூக்கும் தட்டின் தேய்மானம் ஆகியவை இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ளவை; அவையும் பழுதுபார்ப்பவருக்குரியவை.

அறிகுறி: குண்டு விழும் இடம் மாறிவிட்டது

இந்த அறிகுறியில் பொறுமை தேவை, ஏனெனில் காரணங்கள் ஒன்றுபோலவே தோற்றம் காட்டும். முதலில் எந்த வகை மாற்றம் என்று பிரித்தறியுங்கள். உறுதியான தாங்கலில் வைத்து, ஒரே வகைத் தோட்டாவைக் கொண்டு, மூன்று தொகுதிகள் சுட வேண்டும்: வார் இல்லாமல் ஒன்று, வார் மாட்டித் தளர்வாகத் தொங்கும் நிலையில் ஒன்று, கையில் சுற்றி இறுக்கிய நிலையில் ஒன்று. தொகுதிகளுக்கு நடுவே குழல் நன்றாக ஆறட்டும். லீவர் ரைஃபிள்களில் குழலும் தோட்டாக் குழாயும் சூடேறும்போது ஒன்றையொன்று தள்ளுவதால், சூட்டினாலேயே குண்டுகள் மேலும் கீழுமாக நீளக்கூடும். ஆறவிடாமல் சுட்டால் அதை வாரின் குற்றமாகத் தவறாக எண்ணிவிடுவோம்.

*இறுக்கிய நிலையில் மட்டும் மாறினால்:* வாரின் இழுவை முன்பட்டி வழியாகக் குழலை வளைக்கிறது. வலக்கையால் சுடுபவருக்கு இழுவை கீழும் இடமுமாகச் செல்வதால் குண்டும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாயும். செலவில்லாத தீர்வு, இந்த ரைஃபிளில் வாரைச் சுமப்பதற்கு மட்டும் பயன்படுத்தி, குறிபார்க்கும்போது கையைச் சுற்றி இறுக்காமல் இருப்பது. இறுக்கிச் சுடுவதே உங்கள் வழக்கம் என்றால், எப்போதும் ஒரே அளவு இறுக்கத்தில் சுட்டு, பார்வைக்குறியை அந்த நிலைக்கே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அவசரத்தில் வாரில்லாமல் சுட்டால் குண்டு வேறிடம் செல்லும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நடுவழியாக, முன் இணைப்பைக் குழல்முனைக்கு அருகிலிருந்து முன்கட்டை மூடிக்கு நகர்த்துவது நல்ல பலன் தரும். இழுவை ரிசீவருக்கு நெருங்க நெருங்க, குழலை வளைக்கும் ஆற்றல் குறைகிறது.

*தளர்வாகத் தொங்கும்போதே மாறினால்:* பட்டியைப் பாருங்கள். குழலையும் தோட்டாக் குழாயையும் சேர்த்து இறுக்கும் பட்டியை மிகையாக முடுக்கினால், இரண்டும் சுதந்திரமாக நீள முடியாமல் ஒன்றையொன்று வளைக்கும். திருகாணியைக் கால் சுற்று தளர்த்திச் சுட்டுப் பாருங்கள். தளர்த்திய திருகாணி கழன்றுவிடாமல் இருக்கக் குறைந்த பிடிமானமுள்ள திருகாணிப் பசை ஒரு துளி போதும். பிடிமானம் மிகுந்த வகையை இங்கே பயன்படுத்தினால், பிறகு திருகாணியின் தலைதான் சிதையும்.

ஸ்டட்டோடு கூடிய திருகாணியைப் பழைய பட்டித் திருகாணிக்குப் பதிலாக மாட்டியிருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கார்பைன் (குறுங்குழல் ரைஃபிள்) வகைகளில் முன்பட்டியின் குறுக்குத் திருகாணி, குழலுக்கும் தோட்டாக் குழாய்க்கும் நடுவே ஒரு சிறு பள்ளத்தின் வழியே செல்கிறது. மாற்றுத் திருகாணியின் உடல் சற்றே பருத்திருந்தாலும் அது குழலை மேலே தள்ளும். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து நீளம், பருமன், மரையின் நெருக்கம் மூன்றையும் ஒப்பிடுங்கள். விரலாலேயே முதல் சில சுற்றுகள் போக வேண்டும். போகாத திருகாணியைத் திருப்புளியால் வற்புறுத்தினால் பட்டியின் மரை அழிந்துவிடும்.

*வார் இல்லாமலும் மாறியே இருந்தால்:* பட்டியை மாட்டுவதற்காக முன்கட்டையைக் கழற்றி மீண்டும் பூட்டினீர்களா என்று எண்ணிப் பாருங்கள். முன்கட்டையின் பின்முனை ரிசீவரோடு அழுந்தி நிற்கிறதா என்பதை ஒரு தாள் துண்டால் சோதிக்கலாம். சுற்றிலும் தாள் நுழைந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் இறுகினால், ஒவ்வொரு வெடிப்பிலும் மரம் வேறுவிதமாக அமர்கிறது. முன்கட்டைத் திருகாணிகளைத் தளர்த்தி, ரைஃபிளை நிமிர்த்தி, மரம் இயல்பாக உட்கார்ந்த பின் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். அதற்கு மேல் மரத்தைச் செதுக்குவதும் பட்டியை அகலப்படுத்துவதும் பழுதுபார்ப்பவரின் வேலை. எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க இயலாது.

சாவேஜ் 99, பிரவுனிங் பிஎல்ஆர் போன்ற லீவர் ரைஃபிள்களில் குழலுக்கு அடியில் தோட்டாக் குழாய் கிடையாது. முன்னதின் பெரும்பாலான வகைகளில் சுழலும் தோட்டா உருளை, பின்னதில் பெட்டி மேகசின் எனப்படும் தோட்டாப் பெட்டி. ஆகையால் மேலே சொன்ன குழாய்த் தொல்லைகள் அவற்றுக்கு இல்லை.

அறிகுறி: லீவர் மூடவில்லை, அல்லது விசை இழுபடவில்லை

தளர்ந்து தொங்கும் வார், லீவர் முன்னோக்கித் திறந்திருக்கும் கணத்தில் அதற்கும் கட்டைக்கும் நடுவே நுழைந்து, மூடும்போது சிக்கிக்கொள்கிறது. லீவர் முழுமையாக மூடி அழுந்தினால் மட்டுமே விசை விடுபடும் அமைப்பு மார்லின் 336, வின்செஸ்டர் 94 போன்றவற்றில் இருப்பதால், வாரின் ஓரம் மட்டும் அகப்பட்டிருந்தாலும் துப்பாக்கி சுடாது. இதைப் பழுது என்று எண்ணி அந்த அமைப்பை நீக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை ஒருபோதும் நீக்கக் கூடாது. தோட்டா அறை முழுமையாகப் பூட்டப்படாத நிலையில் வெடிப்பதைத் தடுப்பதற்காகவே அது அங்கே இருக்கிறது.

காலி ரைஃபிளைத் தோளில் வைத்து, வாரை நீங்கள் சுமக்கும் நீளத்திலேயே விட்டு, லீவரை மெதுவாகவும் பிறகு வேகமாகவும் இயக்கிப் பாருங்கள். துப்பாக்கியை இடமும் வலமும் சாய்த்தும் செய்யுங்கள். வார் லீவரின் பாதையில் வந்தால், முதலில் நீளத்தைக் குறைத்துப் பாருங்கள். நடப்பதற்கு அந்த நீளம் போதவில்லை என்றால், வாரை ஸ்டட்டோடு இணைக்கும் வளையங்களான ஸ்விவல்களில் விரைவாகக் கழலும் வகையைப் பொருத்தி, சுடும் இடத்தை அடைந்ததும் வாரை எடுத்துவிடும் வழக்கத்தை மேற்கொள்ளலாம். அதுவும் ஒத்துவராதவர்களுக்கு, பின்கட்டையைச் சுற்றி நாடாவால் கட்டும் தோல் உறையின் பக்கவாட்டு வளையத்தில் வாரை மாட்டுவது நல்ல தீர்வு. வார் இடப்புறமாகத் தொங்கி, அடிப்புறம் லீவருக்கே விடப்படும்.

பழைய கார்பைன்களின் ரிசீவரில் இடப்பக்கம் இருக்கும் சேண வளையத்தில் வாரின் ஒரு முனையை மாட்டுவதைப் பலர் எளிய வழியாகக் கருதுகிறார்கள். குதிரையில் செல்பவர் துப்பாக்கி நழுவாமல் பிணைத்துக்கொள்வதற்கு ஏற்பட்ட வளையம் அது. தோளில் சுமக்கும்போது ரைஃபிள் ஒருபுறம் சாய்ந்து, வளையம் ரிசீவரின் மெருகைத் தேய்க்கிறது. வாரும், விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியின் அருகே வந்துவிடுகிறது. சுத்தியிலோ விசையிலோ வார் படக்கூடிய எந்த அமைப்பையும் நான் ஏற்பதில்லை.

வாரை எடுத்த பிறகும் லீவர் இறுதி அளவு மூட மறுத்தால், தோட்டாவோ உள்ளுறுப்போ காரணம். வற்புறுத்தாமல் துப்பாக்கியைக் காலி செய்து பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: பின்கட்டை ஸ்டட் ஆடுகிறது, அல்லது பிடுங்கிக்கொண்டது

தோளில் தொங்கும் ரைஃபிள் திடீரென்று தரையில் விழுவதற்கு முக்கியமான காரணம் இது. ஸ்டட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். சற்றே சுழல்கிறது, ஆனால் மேலே வரவில்லை என்றால், ஸ்டட்டின் துளையில் ஒரு ஆணியைச் செருகி, இறுகும் வரை திருப்புங்கள். துளை ரைஃபிளுக்குக் குறுக்காக நிற்கும் நிலையில் முடிய வேண்டும்.

*திரும்பத் திரும்பத் தளர்ந்தால்:* துளை பெரிதாக இடப்பட்டிருக்கிறது, அல்லது மரம் எண்ணெயில் ஊறியிருக்கிறது. குழல்முனை மேலே இருக்க ரைஃபிளைச் செங்குத்தாகச் சாய்த்து வைப்பதால் ரிசீவரிலிருந்து இறங்கும் எண்ணெய் மரத்தின் கழுத்துப் பகுதியை முதலில் கெடுக்கும். நெடுநாள் ஆன துப்பாக்கிகளில் அது கீழேயும் பரவியிருக்கும். துளையின் உட்புறத்தை மட்டும் அசிட்டோன் தோய்த்த பஞ்சால், மெருகில் படாமல் துடைத்து உலரவிடுங்கள். தீக்குச்சியும் பசையும் வைத்து அடைப்பது சில நாளைக்குத் தாங்கும். சுமை தூக்கும் இணைப்புக்கு அது போதாது. துளையைச் சுத்தமாக அகலப்படுத்தி, கடினமரத் துண்டு ஒன்றை எப்பாக்ஸியால் பொருத்தி, முழுமையாக இறுகிய பின் புதிதாகத் துளையிடுங்கள். கடையில் கிடைக்கும் உருளைக் குச்சியின் இழைகள் அதன் நீளவாக்கில் ஓடுகின்றன. அதில் திருகாணி இழைமுனையில் இறங்குவதால் பிடிமானம் குறைவு. பலகையிலிருந்து குறுக்காக வெட்டி எடுத்த முளையை, கட்டையின் இழையோட்டத்துக்கு இணையாக வைத்தால்தான் திருகாணி உறுதியாகப் பற்றும்.

*புதிதாகத் துளையிடுவதாக இருந்தால்:* கட்டையின் அடிமுனையிலிருந்து தோராயமாக 2½ அங்குலம், அதாவது 65 மி.மீ. தள்ளி, நடுக்கோட்டில் இடம் குறியுங்கள். அதற்கு முன் கட்டையின் முனையை மூடும் அடித்தகட்டைக் கழற்றி, அதன் கீழ்த் திருகாணி எவ்வளவு ஆழம் செல்கிறது என்று பாருங்கள். ஸ்டட்டின் திருகாணி அதன் மேல் மோதக் கூடாது. எடையைக் குறைப்பதற்காக உள்ளே குடைந்த கட்டைகளும், துடைப்புக்கோல் வைக்கும் அறையுள்ள கட்டைகளும் உண்டு. சாவேஜ் 99, பிஎல்ஆர் போன்றவற்றில் பின்கட்டையை ரிசீவரோடு பிணைக்கும் நீண்ட போல்ட் கட்டையின் உள்ளேயே ஓடுகிறது என்பதால், அவற்றில் ஆழத்தையும் இடத்தையும் இரு மடங்கு கவனத்தோடு தேர்ந்தெடுக்க வேண்டும். வின்செஸ்டர் 94, மார்லின் 336 ஆகியவற்றில் பின்கட்டையைப் பிடிப்பது கழுத்துப் பகுதியின் திருகாணி என்பதால் இந்த இடையூறு இல்லை.

துளையின் விட்டம் திருகாணியின் மரை நீங்கலான உள்தண்டுக்குச் சமமாக இருக்கட்டும். வால்நட் போன்ற கடினமரத்தில் ஒரு நூலளவு கூடுதலாக இருக்கலாம். ஸ்டட்டின் மரையில்லாத கழுத்துக்கு மேற்பகுதியை மட்டும் தனியாக அகலப்படுத்துங்கள். துளையிடும் இடத்தில் ஒட்டுநாடா ஒட்டினால் மெருகு சிதறாது. துளையூசியில் ஆழ அடையாளமாக ஒரு நாடா சுற்றுங்கள். மரையில் மெழுகு தடவித் திருப்புங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்து உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். பாதியில் மிகையாக இறுகினால் திரும்ப எடுத்து துளையைச் சரிபாருங்கள். வற்புறுத்தினால் ஒன்று மரம் பிளக்கும், அல்லது திருகாணி உள்ளேயே முறியும். முறிந்த திருகாணியை எடுப்பதும், அரிய பழைய கட்டையைத் துளைப்பதும் கைதேர்ந்தவரிடம் விடத்தக்கவை.

அறிகுறி: முன்கட்டையில் விரிசல்

போல்ட் ரைஃபிள் பழக்கத்தில் யாரோ முன்கட்டை மரத்தில் ஸ்டட்டைத் திருகியிருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் இது காட்டுகிறது. ஸ்டட்டை உடனே எடுத்துவிடுங்கள். திருகாணியின் முனை தோட்டாக் குழாயைத் தொட்டுப் பள்ளமாக்கியிருக்கிறதா என்று பார்த்து, ஐயம் இருந்தால் தோட்டா ஏறாத கோளாறுக்குச் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். மயிரிழை விரிசலில் நீர்த்த எப்பாக்ஸியை ஊறவிட்டு, மெல்லக் கட்டி வைத்தால் நிற்கும். மூடிக்கு அருகே அகன்ற விரிசலுக்கு மாற்றுக் கட்டையே தீர்வு. இனி முன் இணைப்பு உலோக மூடியிலோ பட்டியிலோதான் இருக்க வேண்டும். மூடியில் மரையிட்ட துளை இல்லை என்றால், துளையுள்ள மாற்று மூடி கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருக்கும் மூடியில் துளையிட்டு மரை வெட்டுவதைப் பழுதுபார்ப்பவர் செய்யட்டும்.

அறிகுறி: ஸ்விவல் தானாகக் கழன்றுவிடுகிறது

விரைவாகக் கழலும் வகையில் முளையைத் திறந்து மூடும் பக்கத்தில் பூட்டு உண்டு. சிலவற்றில் அது திருகும் வளையம். அதை இறுதி வரை திருகாமல் விடுவதே முதல் காரணம். அடுத்தது, முளையின் வில் தளர்ந்திருப்பது. விரலால் அழுத்திவிட்டால் அது துள்ளித் திரும்ப வேண்டும். மூன்றாவது, ஸ்டட்டின் துளையும் ஸ்விவல் முளையும் பொருந்தாமை. துளையை அராவி அகலப்படுத்த வேண்டாம், ஒரே இணையாக வரும் ஸ்டட்டையும் ஸ்விவலையும் வாங்குங்கள். வாரின் அகலமும் வளையத்தின் அகலமும் ஒன்றாக இருக்கட்டும்: 1 அங்குல வளையத்தில் 1¼ அங்குல வாரை மடித்துச் செருகினால், வார் ஓரங்களில் அறுந்து, ஒரு நாள் முழுவதுமாக விட்டுவிடும். மாட்டியதும் ஒவ்வொரு முனையையும் பலமாக இழுத்துப் பார்ப்பதைத் தவறாத வழக்கமாக்குங்கள்.

அறிகுறி: தோளில் ரைஃபிள் புரள்கிறது

முன் இணைப்பு எடை மையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. முன்கட்டை மூடியிலிருந்து இன்னும் முன்னே, தோட்டாக் குழாயின் முன்பகுதிக்கு நகர்த்தினால் புரளுவது நிற்கும். ஆனால் முன்னே போகப் போக, குழலின் மேல் விழும் இழுவை கூடுகிறது. சுமக்கும் வசதியா, இறுக்கிச் சுடும்போது குறியின் நிலைப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அகலமான, வழுக்காத உட்புறமுள்ள வாரை முதலில் முயல்வது செலவு குறைந்த வழி. தொலைநோக்கி மாட்டிய ரைஃபிளில் மேற்பகுதி கனப்பதால், இணைப்புகள் சரியாக இருந்தாலும் ஓரளவு புரளவே செய்யும்.

அறிகுறி: சுடும்போது முன்கட்டையைத் தாங்கும் கையில் அடிபடுகிறது

.45-70 போன்ற கனத்த தோட்டாக்களில் பின்னுதைப்பின்போது ஸ்டட் பின்னோக்கி வந்து விரலில் மோதும். கையைச் சற்றுப் பின்னே பிடித்துப் பாருங்கள்; இயலாதபோது இணைப்பைக் கைக்கு எட்டாத அளவுக்கு முன்னே நகர்த்துங்கள்.

அறிகுறி: நடக்கும்போது ஒலி எழுகிறது, கட்டையில் கீறல் விழுகிறது

ஸ்விவல் வளையம் தோட்டாக் குழாயிலோ மரத்திலோ தட்டுகிறது. ஸ்டட்டின் அடியில் நைலான் வட்டை வைத்து, வளையத்தின் அடிப்பகுதியைத் துணி ஒட்டுநாடாவால் சுற்றினால் அடங்கும். அதற்குப் பின்னும் கிலுங்கினால் முன்பட்டித் திருகாணியும் தோட்டாக் குழாயின் முனை அடைப்பும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தலையின் பிளவில் இறுகப் பொருந்தும் இணைப்பக்கத் திருப்புளியையே பயன்படுத்துங்கள், கூம்பு வடிவ முனை பிளவைச் சிதைத்துவிடும்.

அறிகுறி: வார் படும் இடத்தில் துரு, பச்சைப் படிவு, நிறமாற்றம்

தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் அதோடு கூடினால், எஃகில் துருவும் பித்தளையில் பச்சைப் படிவும் தோன்றும். மேலோட்டமான துருவை எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தாலே போகும்; அழுத்தித் தேய்த்தால் நீலமெருகும் சேர்ந்து போய்விடும். குழி விழுந்த துருவையும், மெருகு உரிந்த இடத்தையும் பழுதுபார்ப்பவரிடம் காட்டி மறுமெருகு பற்றி முடிவு செய்யுங்கள். பின்கட்டையைச் சுற்றிய தோல் உறையை மாதம் ஒருமுறையேனும் அவிழ்த்து அடிப்புறத்தை உலரவிட வேண்டும். மழையில் நனைந்த நாளில் அன்றே அவிழ்ப்பது நல்லது. குழலையும் தோட்டாக் குழாயையும் சேர்த்துச் சுற்றும் தோல் கண்ணிக்கும் இதே கவனம் தேவை, ஏனெனில் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் தேங்கும் ஈரம் கண்ணில் படுவதில்லை; ஒரு மெல்லிய துணி நாடாவில் எண்ணெய் தொட்டு, அந்த இடுக்கின் வழியே இழுத்துத் துடையுங்கள். ரைஃபிளைப் பெட்டியில் வைக்கும்போது வாரைக் கழற்றித் தனியே வையுங்கள்.